அணைய மறுத்த விளக்கு

1956-இல் எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் நம் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினை இருபுறமும் நடைபெற்று வருவதை அன்பர்கள் அறிவர். அத்தகைய மணவிழா ஒன்றிற்காக நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியே களியக்காவிளைக்குக் காரில் சென்றோம். அமரவிளையைக் கடக்கையில் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அணையவில்லை.

வழியோரப் பட்டறையில், "ஒரு ரெசிஸ்டரைக் கோத்தால் அணைந்துவிடும்" என்றனர். விளக்கு அணையும், மோதலின்போது பை விரியாது. முன் இருக்கையில் அன்னையார் அமர்ந்திருக்க, நாம் இசைவோமா?

ஊர் திரும்பியதும் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் ஸ்கேனரைப் பொருத்தினார். இடப்பக்கக் காற்றுப்பையின் மின்சுற்றில் தடை மிகுதி என்று காட்டிற்று. இயல்பில் அது ஏறத்தாழ 2 ஓம் அளவே. இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருந்தது. இருக்கையை நகர்த்துந்தோறும் கம்பி இழுபட்டதே காரணம். (அங்கே நாம் திணித்துவந்த வெற்றிலைப் பெட்டிக்கும் பங்குண்டு!)

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருந்தார். பையை மல்டிமீட்டரால் சோதிக்கவில்லை. அச்சிறு மின்னோட்டமே அதனை வெடிக்கச் செய்யக்கூடுமாம். கனெக்டரை மாற்றிக் கம்பியை இழுபடாதவாறு கட்டி, பிழைப்பதிவை அழித்தார். விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தது.

அன்னையாருக்கென ஆசையுடன் தைத்த இருக்கை உறையையும் கழற்றச் சொன்னார். பை விரியும் ஓரத்தை அது மூடியிருந்தது. கழற்றிவிட்டோம்.