னகரம் ளகரமாகும் இடம்

ஆண் பெண்ணாகும் கதையையோ பெண் ஆணாகும் கதையையோ ஒரே படத்திலும் அதனடியில் எழுதும் நான்கைந்து வரியிலும் சொல்லி முடிப்பது தனியொரு கலை. இன்று கணினித் திரையில் செய்யப்படும் இந்த வேலையின் அடிப்படைச் சிக்கல் மிகப் பழையது. படம் அசையாமல் நிற்கும். மாற்றமோ ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. போய்க்கொண்டிருப்பதை நின்றுபோன படத்தில் காட்டுவது எப்படி?

கொங்கு நாட்டில் இதற்கான பழைய விடை திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போனால் அர்த்தநாரீசுவரர் நின்ற கோலத்தில் இருக்கிறார். வலப்பாதிக்கு வேட்டி, இடப்பாதிக்குச் சேலை. உளிபடாத திருமேனி, வெண்பாஷாணத்தால் ஆனது என்பது ஊர் நம்பிக்கை. சிவனை மட்டுமே வலம் வருவேன் என்று பிடிவாதம் பிடித்த பிருங்கி முனிவரும், தவமிருந்து உடலில் பாதியைப் பெற்ற உமையும் இக்கோலத்தின் பின்கதை. இந்த முறையில் மாற்றம் காலத்தில் நிகழ்வதில்லை. முன்னும் பின்னும் ஒரே உடலில் பக்கம் பக்கமாக நின்றுவிடுகின்றன. திருவெண்காட்டில் கிடைத்து இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள சோழர்காலச் செப்புத் திருமேனி இதே உத்தியை இன்னும் நுட்பமாகக் கையாள்கிறது: வலப்புறம் இரண்டு கைகள், இடப்புறம் ஒன்றே ஒன்று, இடுப்பின் வளைவும் இரு பக்கமும் இரு விதம். இப்படிப்பட்ட உருவுக்குக் கீழே எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. மாதொருபாகன் என்ற பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இரண்டாவது வழி, கதையைக் கட்டங்களாகப் பிரிப்பது. சிதம்பரம் சிவகாமசுந்தரி சன்னதி மண்டபத்தின் விதானத்தில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. தாருகாவனத்து முனிவர்களின் செருக்கை அடக்கச் சிவன் பிச்சாடனராகவும் திருமால் மோகினியாகவும் வந்த கதை அங்கே பட்டை பட்டையாக நீள்கிறது. மோகினியாக நிற்பவர் திருமால்தான் என்பதைத் தனித்த ஒரு கட்டம் சொல்லாது. முந்தைய கட்டத்தின் நினைவோ எழுத்தோ துணைக்கு வர வேண்டும். நாயக்கர் கால ஓவியர்கள் இதை அறிந்திருந்தார்கள். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்த மன்னன் கதை ஓவியங்களில் நிகழ்ச்சியை விளக்கும் தமிழ் வரிகளைக் காணலாம். படத்தோடு சேர்த்து எழுதும் வரியைப் படவரி என்று கொண்டால், தமிழ்நாட்டில் அதன் மூத்த வடிவங்களில் ஒன்று இந்தச் சுவரெழுத்து என்று தயங்காமல் சொல்லலாம்.

திரைப்படம் வந்தபோது இந்த வேலை எழுத்து அட்டைகளின் கைக்குப் போனது. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். பிறகு 1914இல் சொந்த ஊரிலேயே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அது பேசாப்பட காலம். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே வந்த எழுத்துதான் கதையை நடத்தியது. எழுத்தறியாதோருக்கு யாராவது உரக்கப் படித்துச் சொல்வது அக்கால வழக்கம். மேடையைப் போலவே திரையிலும் தொடக்கத்தில் பெண் வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். இயக்குநர் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தாராமதியாக நடித்த சாளுங்கே, 1917இல் வெளிவந்த ‘லங்கா தகன’த்தில் ராமராகவும் சீதையாகவும் தானே நடித்தார். அங்கே முகம் ஒன்றுதான். உடையும் அட்டையில் வந்த பெயரும் சேர்ந்துதான் ஒரு முகத்தை இரண்டு ஆட்களாக்கின.

இன்றைய படவரிக் கலைஞர் பெரும்பாலும் கதையிலிருந்து தொடங்குவதில்லை, படத்திலிருந்தே தொடங்குகிறார். கண்ணாடியைப் பார்க்கும் முகம், ஒரு கையில் மட்டும் வளையல், வாசல் நிலையைப் பற்றிய விரல்கள். இதில் எது தயக்கத்தைக் காட்டுகிறது, எது உவகையைக் காட்டுகிறது என்று நெடுநேரம் பார்த்த பிறகே முதல் சொல் வருகிறது. அடுத்து, இந்தப் படம் மாற்றத்துக்கு முந்தைய கணமா, நடுக்கணமா, பிந்தையதா என்று முடிவு செய்ய வேண்டும். படம் பிந்தைய நிலையைக் காட்டினால் வரி பின்னோக்கிப் போகும். முந்தையதைக் காட்டினால் வரப்போவதைச் சொல்லும். படத்தில் ஏற்கெனவே தெரிவதை வரியிலும் எழுதுவது தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. சிவப்புச் சேலை கண்ணுக்குத் தெரியும்போது, அது யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்பதை எழுதுவதே பயன்.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு பெரும் வசதி உண்டு. தமிழ் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அதன் கடைசி எழுத்தில்தான் பால் தெரிகிறது. வந்தான், வந்தாள். மாறுவது ஒரே ஓர் ஒற்று. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, திண்ணையில் பையை வைத்து என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அதுவரை ஆணா பெண்ணா என்ற பேச்சே எழாது. இறுதியில் வரும் னகரமோ ளகரமோ கதையைத் திருப்பிவிடும். ‘வந்தேன்’ என்ற தன்மையிலும் ‘வந்தாய்’ என்ற முன்னிலையிலும் பால் இல்லை. மாறியவர் தன் கதையைத் தானே சொல்லும்போது மாற்றத்தின் முன்னும் பின்னும் ஒரே குரலாக ஓடுவது இதனால்தான்.

கொங்குத் தமிழ் இன்னும் ஒன்றைச் சேர்த்துத் தருகிறது. ‘வந்தாங்க’ என்ற மரியாதைச் சொல் இருபாலுக்கும் பொது. ‘கண்ணு’ என்ற விளியும் அப்படியே. ஆனால் ‘அப்புனு’ பையனைக் கூப்பிடுவது, ‘அம்மணி’ பெண்ணைக் கூப்பிடுவது. ஓட்டு வீட்டு வாசலில் பையோடு நிற்கும் இளம்பெண்ணின் படம் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதனடியில் இப்படி எழுதலாம்: “உள்ள வா அம்மணி, வெயில்ல நிக்காத” என்றாள் அமுச்சி. போன பொங்கலுக்கு இதே வாசலில் அப்புனு என்று கூப்பிட்ட வாய் அது. மாயமோ மருந்தோ இங்கே வேண்டியதில்லை. உடல் மாறிய விவரமும் வேண்டியதில்லை. பாட்டி ஒரு சொல்லை மாற்றிவிட்டாள், மாற்றம் நடந்து முடிந்துவிட்டது.

இவ்வகைக் கதைகளில் பால் மாறுவதைத் தண்டனையாகவோ அவமானமாகவோ காட்டும் போக்கு வலுவாக உண்டு. சாபத்தால் பெண்ணானவன் தலைகுனிந்து நிற்பான், படிப்பவர் சிரிக்க வேண்டும். இது கற்பனை வறட்சி மட்டுமல்ல. பெண்ணாய் இருப்பதே இழிவு என்ற எண்ணத்தின் மேல் கட்டிய கதை அது. திருநங்கைகள் அன்றாடம் கேட்கும் ஏளனத்துக்கு அது இன்னொரு வரியைச் சேர்க்கிறது. மகாபாரதத்துப் பிருகன்னளை இதற்கு எவ்வளவோ மேல். விராடன் அரண்மனையில் அர்ச்சுனன் பேடியாக வாழ்ந்த ஓராண்டும் உத்தரைக்கு ஆடல் கற்றுத்தரும் ஆசானாக மதிப்போடு இருந்தான்.

படம் யாருடையது என்பதும் கலைஞர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முகம் தெரியும் ஒருவரின் புகைப்படத்தை எடுத்து, அவர் அறியாமல் அவருக்கொரு பால்மாற்றக் கதை எழுதுவது அவருக்குச் செய்யும் தீங்கு. வரைந்த படம், தானே எடுத்த படம், ஒப்புதல் பெற்ற படம் என்று மூன்று நேர்வழிகள் இருக்கின்றன. சிலர் முகத்தை விட்டுவிட்டுக் கை, கால், நிழல், கொடியில் காயும் துணி என்று எடுக்கிறார்கள். கதைக்கும் அதுவே நல்லது. முகம் இல்லாத இடத்தை வரி நிரப்பிக்கொள்ளும்.

கற்பனைக்கு வெளியே, உண்மை வாழ்வைச் சொல்வதற்கும் இதே வழி கைகொடுத்திருக்கிறது. பொள்ளாச்சியில் பிறந்த திருநங்கைக் கலைஞர் கல்கி சுப்ரமணியம், ‘நர்த்தகி’ படத்தின் நாயகி, சகோதரி அறக்கட்டளையை நிறுவியவர். அவர் நடத்திய ரெட் வால் திட்டத்தில் திருநர்கள் தாங்கள் பட்ட வன்முறையைத் தம் கையாலேயே தாளில் எழுதினார்கள். அந்தத் தாள்களில் எழுத்தோடு சேர்ந்திருப்பது சிவப்புச் சாயத்தில் பதிந்த உள்ளங்கை. முகம் எதுவும் இல்லை.