மன்னிப்புப் பெற்ற யானை

வனவிலங்குகளைக் காண விரும்புவோர் கென்யா, தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று காட்டின் நடுவே கூடாரங்களில் தங்குவர் எனப் படிக்கிறோம். அவ்வளவு தொலைவு செல்ல நம் குடும்பங்களுக்கு வசதி ஏது? ஆயினும் இறைவன் நம் தமிழகத்தையும் மறந்துவிடவில்லை. நீலகிரியின் அடிவாரத்தில் முதுமலைக் காடு இருக்கிறது. 1940-இல் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலிருந்து பங்குக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாமும் அங்குச் சென்றிருந்தோம்.

வனத்துறை ஊர்தியில் காட்டுக்குள் சென்றபோது புள்ளிமான் கூட்டங்களைக் கண்டோம். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை அணிந்தாற்போல் காட்டெருமைகள் நின்றன. மயில்கள் வழிமறித்தன. புலியைக் காணவில்லையே எனச் சிறுவர்கள் வருந்தினர். "நாம் புலியைப் பார்க்காவிட்டால் என்ன? புலி நம்மைப் பார்த்திருக்கும்" என்று ஓட்டுநர் சொன்னதும் வண்டியில் பேச்சு அடங்கிவிட்டது.

மாயாற்றங்கரையில் தெப்பக்காடு யானைகள் முகாம் உள்ளது. அங்கு அன்றாட வாழ்வு ஓர் ஆசிரமத்தின் ஒழுங்கோடு நடக்கிறது. இரவில் யானைகள் நீண்ட சங்கிலியை இழுத்தவண்ணம் காட்டில் மேயும். விடியலில் மாவுத்தரும், அவருக்கு உதவியாளரான காவடியும் சங்கிலித் தடம் பார்த்துத் தேடிச் சென்று அவற்றை அழைத்து வருவர். ஆற்றில் தேய்த்துக் குளிப்பாட்டுவர். பின்னர் ராகியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்த கவளங்களைத் தம் கையாலேயே ஊட்டுவர். மாவுத்தர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக யானைகளோடு வாழும் பழங்குடி மக்கள்.

அங்கேதான் மூர்த்தி என்ற ஆண் யானையைக் கண்டோம். ஒரு காலத்தில் கேரள, தமிழக எல்லையில் பலரைக் கொன்ற யானை அது. கேரளத்தில் அதைச் சுட்டுக் கொல்லவும் ஆணை பிறந்திருந்தது. தமிழக வனத்துறையினரோ 1998-இல் கூடலூர்ப் பகுதியில் அதை உயிரோடு பிடித்தனர். உடலெங்கும் காயங்கள். யானை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அவற்றுக்கு மருந்திட்டார். அவர் பெயரே யானைக்கும் வழங்கலாயிற்று. மரக்கட்டைகளால் ஆன 'கரால்' என்னும் கூண்டில் மாவுத்தர் பொறுமையாகப் பேசிப் பேசிப் பழக்கினார். நாம் கண்டபோது அது குழந்தையைப்போல் வாய் திறந்து கவளம் வாங்கிக்கொண்டிருந்தது. குப்பியோ நகர ஓநாயைப் புனித அசிசியார் சாந்தப்படுத்திய வரலாறு நம் நினைவுக்கு வந்தது.

மன்னிப்பு எளிதன்று. மூர்த்தியால் உயிரிழந்தோரின் இல்லங்களில் கண்ணீர் வற்றியிராது. அதன் காலில் சங்கிலியும் இருக்கத்தான் செய்தது. தீமையை மறைப்பது மன்னிப்பாகாது. தீமை செய்தவனுக்கும் ஒரு நாளை உண்டு என நம்புவதே மன்னிப்பு.

எம்முடன் வந்தவர்களுள் ஒருவர், மனைப் பங்கீட்டில் எழுந்த சண்டையால் ஒன்பது ஆண்டுகளாகத் தம் தம்பியோடு பேசாதவர். இரு வீட்டுக்கும் நடுவே ஆளுயரச் சுவர். முகாமில் அவர் நெடுநேரம் மூர்த்தியையே பார்த்து நின்றார். "சாமி, என் தம்பி யாரையும் கொல்லவில்லையே" என்று மட்டும் சொன்னார். நாம் மறுமொழி கூறவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது அவர் இல்லத்துக்குச் சென்றோம். சுவர் நின்றது. ஆனால் அதில் புதிதாக ஒரு வாயில் வைத்திருந்தார்கள். அதன் வழியே தம்பியின் பிள்ளைகள் பலகாரத் தட்டோடு வந்துகொண்டிருந்தனர்.

2024-இல் மூர்த்தி அம்முகாமிலேயே உயிர் நீத்தது. கொலைகார யானைக்கும் இருபத்தாறு ஆண்டுகள் கவளம் ஊட்டிய கைகள் அங்கு இருந்தன. நம் உடன்பிறந்தோருக்கு நாம் நீட்ட வேண்டிய கவளம் எது? இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், பெற்றோரே, பிள்ளைகளோடு அமர்ந்து சிந்திப்பீர்களாக.