சத்தம் போடாத லேப்டாப்!

ராத்திரி வரைக்கும் நல்லா பாடிக்கிட்டிருந்த லேப்டாப், காலையில ரீஸ்டார்ட் ஆனதும் ஊமையாகிடும். வால்யூமை நூறுக்கு ஏத்தினாலும் மூச்சு இல்லை. "போர்டு போச்சு மக்கா!"ன்னு பக்கத்து ரூம் நிபுணர் தீர்ப்பு வேற சொல்லிடுவார். மறுநாள் வீடியோ கால்ல கேம்பஸ் இன்டர்வியூ இருந்தா, கேட்கவே வேண்டாம்!

பதறி வடசேரி பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: கடைசியா என்ன மாறுச்சு? ராத்திரியில அப்டேட் ஏறியிருந்தா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது போர்டை அல்ல, டிரைவரை!

டிரைவர்ங்கிறது விண்டோஸுக்கும் சவுண்ட் சிப்புக்கும் நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர். அவர் தப்பான ஆளா இருந்தா, ரெண்டு பக்கமும் நல்லா இருந்தாலும் பேச்சு நடக்காது.

உலகமே ஊமையான கதை

2018 அக்டோபரில் இது பெரிய அளவிலேயே நடந்தது. இன்டெல் ஆடியோ டிரைவர் ஒன்று (பதிப்பு 9.21.00.3755) விண்டோஸ் அப்டேட் வழியா, போகக்கூடாத கம்ப்யூட்டர்களுக்கும் போய்விட்டது. விண்டோஸ் 10-ன் 1803, 1809 பதிப்புகளில் சத்தம் கட்! தவறுதலா அனுப்பிட்டோம்னு மைக்ரோசாஃப்ட்டே ஒத்துக்கிட்டு, அந்த டிரைவரை நீக்க கே.பி.4468550 என்ற அப்டேட்டை விட்டது. யாருடைய ஸ்பீக்கரும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் இதில் பாடம்.

2025 ஜனவரியிலும் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, யு.எஸ்.பி.யில் மாட்டும் சில ஆடியோ கருவிகள் வேலைநிறுத்தம் செய்தன. அதே மாசக் கடைசியில் வந்த அப்டேட் அதைச் சரிசெய்தது.

வரிசையா செய்யுங்க

1. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை கிளிக் பண்ணி, சத்தம் எங்கே போகுதுன்னு பாருங்க. அப்டேட்டுக்குப் பிறகு எச்.டி.எம்.ஐ. மானிட்டருக்கோ, ப்ளூடூத் ஹெட்செட்டுக்கோ தாவியிருக்கலாம்.

2. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜரைத் திறங்க. சவுண்ட் பிரிவில் உங்க ஆடியோ சாதனத்தின் பிராப்பர்ட்டீஸ் போய், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்துங்க. பழைய டிரைவர் திரும்ப வந்துடும். பட்டன் மங்கலா இருந்தா, திரும்பிப் போக பழைய டிரைவர் சேமிப்பில் இல்லைன்னு அர்த்தம்.

3. அப்படின்னா 'அப்டேட் டிரைவர்' அழுத்தி, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற பட்டியலிலிருந்து 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' தேர்வு பண்ணுங்க. இது விண்டோஸோடவே வர்ற பொது டிரைவர். 2004-ல் இன்டெல் கொண்டுவந்த எச்.டி. ஆடியோ தரத்தைப் பல சிப்கள் பின்பற்றுவதால் பெரும்பாலும் கை கொடுக்கும். சில புது லேப்டாப்களில் மட்டும் மைக் வேலை செய்யாமல் போகலாம்.

4. அதுவும் சரிவரலையா? லேப்டாப் கம்பெனியோட இணையதளத்தில் உங்க மாடல் எண்ணைக் கொடுத்து, அதுக்குன்னே உள்ள ஆடியோ டிரைவரைப் போடுங்க. 'டிரைவர் அப்டேட்டர்'னு விளம்பரம் பண்ற கண்ட சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க.

போர்டா, டிரைவரா?

இன்னும் சந்தேகமா? ஒரு பென் டிரைவில் உபுண்டு ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம 'ட்ரை' முறையில் ஓட்டிப் பாருங்க. அங்கே பாட்டு கேட்டா, சிப்பும் ஸ்பீக்கரும் நல்லாதான் இருக்கு. கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கேயும் கேட்கலைன்னா, லினக்ஸ் டிரைவர் இல்லாத மாடலாவும் இருக்கலாம். அதனால அதை வைத்தே போர்டு போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க.

கடைக்குப் போனாலும், "ஃபார்மட் பண்ணிரலாம் தம்பி"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. டிரைவரை மாத்த ஃபார்மட் தேவையில்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட் அதுக்குள்ளதானே இருக்கு? முதல்ல பேக்கப், அப்புறம்தான் பேச்சு.

இன்டர்வியூவோ வைவாவோ இருக்கிற வாரம், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு 'பாஸ்' பண்ணி வையுங்க. முடிஞ்சதும் மறக்காம திரும்ப ஓட விடுங்க. பாதுகாப்பு அப்டேட்டும் அதே வழியாத்தான் வருது!