துவரம்பருப்பு அளவு சுரப்பி!

சூடு குறைந்தால் 'ஆன்', கூடினால் 'ஆஃப்'. தெர்மோஸ்டாட்டைப் பற்றி நம்ம எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வேலையை நம் கழுத்துக்குள் நாலு சின்னச் சுரப்பிகள் ராப்பகலாகப் பார்க்கின்றன. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் பாராதைராய்டு சுரப்பிகள்தான் அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய துவரம்பருப்பு அளவுதான். 1880-ல் மனித உடலில் இவற்றைக் கண்டு விவரித்து எழுதியவர் ஸ்வீடன் நாட்டு ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். உப்சாலாவில் படித்த மருத்துவ மாணவர். ஆமாம், நம்மைப் போல ஒரு மாணவர்!

சரி, உள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள்?

முதன்மைச் செல்கள்: எண்ணிக்கையில் இவையே அதிகம். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கும் 'சென்சார்' இவற்றின் மேல்சவ்வில் இருக்கிறது. கால்சியம் குறைந்தால் போதும், 84 அமினோ அமிலங்கள் கோத்த பாராதைராய்டு ஹார்மோன் உடனே வெளியே வரும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும். சிறுநீரில் வீணாகப் போகாமல் தடுக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்பட வைத்து, அதன்மூலம் குடல் கூடுதலாக உறிஞ்சச் செய்யும். 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மி.கி. என்ற அளவு வந்ததும் சுரப்பு அடங்கிவிடும்.

ஆக்ஸிஃபில் செல்கள்: உருவத்தில் பெரியவை. உள்ளே மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும். பருவ வயதையொட்டித் தலைகாட்டி, வயது ஏற ஏறப் பெருகும். ரொம்ப காலம் இவற்றை 'சும்மா இருப்பவை' என்றே நினைத்தார்கள். இவற்றிலும் அந்த ஹார்மோனுக்கான மரபணு இயங்குகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

கொழுப்புச் செல்கள்: வயதாக ஆக இடைவெளிகளை நிரப்பும்.

'சுவிட்ச்' பழுதானால் என்ன ஆகும்? அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெலுக்கு ஒரு சுரப்பியில் கட்டி. 'ஆஃப்' ஆகாமல் ஹார்மோன் கொட்டியது. எலும்பு கரைந்து உயரமே 7 அங்குலம் குறைந்துபோனது. ஆறு ஆபரேஷனிலும் கட்டி அகப்படவில்லை. 1932-ல் ஏழாவதில், நெஞ்சுக்கூட்டுக்குள் கிடைத்தது. ஆனால் சிறுநீரகக் கல் விடவில்லை; சில வாரங்களில் இறந்துபோனார்.

இன்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையே கால்சியம் கூடியிருப்பதைக் காட்டிவிடும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தால், கால்சியம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு உதடு மரத்தாலோ, விரல்கள் இழுத்துக்கொண்டாலோ கால்சியம் இறங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் நண்பர்களே!