பால் துண்டும் மாட்டுக் கணக்கும்

நிவாரணம் என்றதும் வரிசையும் உலர் உணவுமே எம்மில் பலருக்கு நினைவில் வரும். கொரோனா நோய் பரவிய 2020 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் தனது பாற்பண்ணையாளருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் பணமாகவே நிவாரணம் கொடுத்தது. யாருக்கு எவ்வளவு என்று அது எப்படிக் கணக்கிட்டது? மாட்டையும் காணியையும் விட்டுவந்து இழப்பீட்டுப் படிவங்களோடு அலைந்த எமது வாசகர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இராது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அங்கு பாடசாலைகளும் உணவுச்சாலைகளும் மூடப்பட்டன. பாலில் பெரும் பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவற்றுக்கென்றே பால் அடைத்துவந்த ஆலைகளால் வீட்டுப் பாவனைக்கான போத்தல்களுக்கு உடனே மாற முடியவில்லை. மாட்டைக் கறக்காமல் விடலாமா? கறந்த பாலைப் பல பண்ணைகள் எருக்குழியில் ஊற்றின. இறைச்சி ஆலைகளில் தொழிலாளருக்கு நோய் தொற்றியதால் ஆலைகள் மூடப்பட, விற்கும் பருவம் வந்த பன்றிகளும் மாடுகளும் பட்டியிலேயே தேங்கின. கடையில் இறைச்சி விலை ஏறியது. வளர்த்தவருக்குக் கிடைத்த விலையோ விழுந்தது.

2020 ஏப்ரல் 17 இல் 19 பில்லியன் டொலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 16 பில்லியன் நேரடிக் கொடுப்பனவு. மிகுதி, உணவு வாங்கித் தேவையுள்ளோருக்குப் பகிர்வதற்கு. மே 26 முதல் விவசாயத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகங்கள் விண்ணப்பங்களை ஏற்றன.

ஜனவரி முதல் மார்ச் வரை பண்ணையில் கறந்த பாலே அடிப்படை. அம்மாதங்களில் வீணே ஊற்றியதும் இதில் சேரும். 100 இறாத்தல் பாலுக்கு, அதாவது ஏறக்குறைய 45 கிலோவுக்கு, 4.71 டொலர். அடுத்த காலாண்டு நட்டத்துக்காக மேலும் 1.47 டொலர். அங்குள்ள நல்ல கறவை மாடு மூன்று மாதத்தில் 6,000 இறாத்தல் வரை தரும். ஆகவே 100 மாடு உள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய 37,000 டொலர் வரும். 1,000 மாடு உள்ளவருக்கு அதன் பத்து மடங்கு வரவேண்டும். ஆனால் ஒருவருக்கு 250,000 டொலரே உச்சவரம்பு. நல்ல ஏற்பாடுதான். எனினும் கம்பனியாக நடக்கும் பண்ணையில் மூன்று பங்காளர் தலா 400 மணித்தியாலம் உழைப்போ நிர்வாகமோ செய்திருந்தால் வரம்பு 750,000 ஆக உயரும்! பத்து மாட்டோடு திணறியவரோ பத்து மாட்டுக்கே பெற்றார். வீட்டில் எத்தனை வயிறு என்று படிவம் கேட்கவில்லை.

இறைச்சி மாட்டுக்கும் பன்றிக்கும் தலைக்கணக்கு. ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற, கொழுத்த மாடு ஒன்றுக்கு 214 டொலர். ஏப்ரல் 16 இற்கும் மே 14 இற்கும் இடையில் பட்டியில் நின்றவற்றுள், ஆகக் கூடிய எண்ணிக்கை நின்ற நாளைக் கொண்டு, தலைக்கு 33 டொலர்.

விண்ணப்பத்தோடு பத்திரங்கள் கேட்கப்படவில்லை. கையொப்பமிட்ட உறுதிமொழி போதும். பின்னர் கேட்டால் பால் துண்டு, விற்பனைச் சிட்டை, மந்தைக் குறிப்பு ஆகியவற்றைக் காட்டவேண்டும். எமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டு இரவோடிரவாக வந்தவர்களில் எத்தனை பேரிடம் மாட்டின் எண்ணிக்கை எழுதிய தாள் இருந்தது? இன்று சங்கத்துக்குப் பால் ஊற்றுவோர் அந்தத் துண்டை அடுப்பில் போடாமல், காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். கன்று ஈன்ற திகதியைக் கொப்பியில் எழுதினால் இன்னும் நல்லது.

செப்டெம்பரில் இரண்டாம் சுற்று வந்தது. இறைச்சி மாட்டுக்கு 55 டொலர், பன்றிக்கு 23 டொலர்.

கம்பனிகளுக்காக ஒப்பந்தத்தில் கோழி வளர்த்தோர் முதலில் சேர்க்கப்படவில்லை, கோழி அவர்களுடையதல்லவாம். கொட்டிலும் கடனும் மட்டும் அவர்களுடையவை. 2020 டிசெம்பரில் நிறைவேறிய சட்டத்தின் பின்னரே அவர்களுக்கு வழி பிறந்தது. ஆலை மூடியதால் கொன்று புதைக்கப்பட்ட விலங்குகளுக்கு, சந்தைப் பெறுமதியில் 80 வீதம் கொடுக்கும் தனித்திட்டம் 2021 ஜூலையில்தான் தொடங்கியது.