குற்றச்சாட்டில் பிழை நேர்ந்தால்...



அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டிற்கு நீதி வழங்க அனுப்பியபோது, மறுதரப்பாரின் சொல்லையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மறுதரப்பார் பதில் சொல்ல வேண்டுமெனில், தம்மீது சுமத்தப்படும் குற்றம் இன்னதென்று அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் பரிசீலித்து நீதிபதி எழுத்தில் வனைந்து, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் படித்துக் காட்டி விளக்குவது குற்றச்சாட்டு. குற்றம், சட்டப்பிரிவு, நிகழ்ந்த நேரம், இடம், பாதிக்கப்பட்டவர் ஆகிய விவரங்கள் அதில் இருத்தல் வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 211, 212 பிரிவுகளில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 234, 235 பிரிவுகளில் தொடர்கின்றன.

தேதி தவறாக எழுதப்பட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தத் தவறான நாளுக்கே சாட்சிகளைத் தேடி அலைவார். உண்மையான நாளுக்கு அவரிடம் விடையிராது.

சட்டப்பிரிவும் வெறும் எண் அன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், தடா சட்டக் குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, கொலைக் குற்றத்திலிருந்தும் 19 பேரை விடுவித்தது. எனினும், சாதாரணச் சட்டத்தில் செல்லாத, காவல்துறை அதிகாரி முன் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களை, தடாவின்கீழ் விசாரணை நடந்த காரணத்தால், மற்றக் குற்றங்களுக்கும் சாட்சியமாக ஏற்றது. தடாக் குற்றச்சாட்டு வீழ்ந்த பின்னும் அதன் விளைவு நீடித்தது.

பிழை இருந்தாலே வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஜபல்பூரில் ஒரு கொலைக்காக வில்லியம் ஸ்லேனியும் அவருடைய சகோதரரும் பொது எண்ணத்துடன் செயல்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். சகோதரர் விடுதலையானார். ஸ்லேனிமீது தனியாகக் கொலைக் குற்றச்சாட்டு வனையப்படவில்லை. அக்குறை ஒன்றினாலேயே விசாரணை செல்லாததாகிவிடாது என்று 1955-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதற்காக விசாரிக்கப்படுகிறோம் என்பதை அவர் அறிந்திருந்தாரா, தற்காத்துக்கொள்ள முழு வாய்ப்புப் பெற்றாரா என்பதே கேள்வி. பிழையால் அநீதி விளைந்திருந்தால், மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. அநீதி விளைந்ததா என்று ஆராயும்போது, அந்த ஆட்சேபணையை முன்னரே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் கருதிப் பார்க்கும். மௌனமாக இருந்துவிட்டு மேல்முறையீட்டில் முதன்முறையாகக் கூறுவோரின் வாதம் வலுவிழக்கிறது.

ஆகவே, குயிலாப்பாளையத்திலிருந்து திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நீதிமன்றப் படியேற நேரும் குடும்பம், குற்றச்சாட்டின் நகலை வழக்கறிஞர் மூலம் பெற்று, நாள், இடம், பெயர், பிரிவு ஆகியவற்றை வரிவரியாகச் சரிபார்க்கட்டும். பிழை கண்டால் உடனே எழுத்தில் ஆட்சேபிக்கட்டும். தீர்ப்புக்கு முன் எப்போதும் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் திருத்தலாம். திருத்தினால் சாட்சிகளை மீண்டும் அழைத்து விசாரிக்கக் கோரலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்போருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு.

நீதி கேட்பவர், தம்மீது எழுதப்பட்டதை முதல் நாளே படித்தறிவாராக!