மூழ்கிய வயலுக்கு இரண்டு பணம்



2024 அக்டோபர் 25-ல் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி மழை நம் வயலில் நின்றுவிட்டால் யார் பணம் தருவது? "அரசாங்கம் கொடுக்கும்" என்கிறார் ஒருவர். "இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், பார்த்துக்கலாம்" என்கிறார் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு பணம், கணக்கும் வேறு.

நிவாரணத்துக்கு நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பயிரில் 33 சதவிகிதமாவது சேதம் இருக்கணும். 2022-ல் ஒன்றிய அரசு வகுத்த விதியில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய். அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும்தான். நஞ்சைக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்குமே காணாது.

காப்பீடு, 2016-ல் தொடங்கிய பிரதமர் திட்டம். சம்பா நெல்லுக்கு நம் பங்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக்கொண்டால் நாம் கட்டுவது 540. பாக்கியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன.

"என் வயல் முழுசா முங்கிப்போச்சு, ஒரு பைசா வரலையே சார்" என்று மேலூர்ப் பக்கம் கேட்காத ஆள் இல்லை. நியாயமான கோபம்தான். ஆனால் நெல்லுக்குக் கணக்கு பெரும்பாலும் ஊர்ச் சராசரி. ஊரில் சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள். ஏக்கருக்கு 2,000 கிலோ உத்தரவாத மகசூல் என்றிருந்து 1,500 கிலோதான் வந்தால், குறைவு கால் பங்கு. காப்பீடு செய்த எல்லாருக்கும் 36,000-த்தில் கால் பங்கு, 9,000 ரூபாய். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்து சராசரி குறையாவிட்டால், பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றுமில்லை.

இதற்காகத்தான், நெல் வயலில் தண்ணீர் தேங்கினால் தனி வயலாகவே பார்க்கும் முறையை, 2018-ல் எடுத்துவிட்டதை, 2026 காரிப் முதல் மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அறுத்துக் காயப்போட்ட கதிருக்கு முன்னிருந்தே அந்த வசதி உண்டு: அறுத்த 14 நாளுக்குள் பருவம் தப்பிய மழையோ புயல் மழையோ கெடுத்தால் தனி வயலாகப் பார்ப்பார்கள்.

இரண்டுக்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் போயாகணும். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14447-க்குப் போன் போடுங்கள், இல்லையென்றால் வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள். சர்வே எண்ணும் பயிர்ப் பெயரும் அடங்கலில் உள்ளபடியே பாலிசியிலும் இருக்கிறதா என்று பணம் கட்டும் அன்றைக்கே ரசீதை வைத்துப் பார்த்துவிடுங்கள். குத்தகைக்காரர்களும் சேரலாம்.